பதினொன்றாம் எண்ணின் இடது கை

அந்தக் கம்பெனிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. விருதுநகரைத் தாண்டி, சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே உயரமான சுற்றுச்சுவர், ஒரு இரும்புக் கேட், கேட்டில் ஒரு வாட்ச்மேன், அவ்வளவுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று சுற்றுவட்டாரத்தில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பிஸ்கட் போடுகிறார்கள் என்றார்கள், கள்ள நோட்டு அடிக்கிறார்கள் என்றுகூடச் சொன்னார்கள். மனிதருக்குக் கொடுப்பதற்கு முன்னால் குரங்குக்கு மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று நான் உள்ளதைச் சொன்னபோது எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. "குரங்குக்கும் ஆசுபத்திரி வந்திருச்சா" என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. விலங்கியல் படித்திருந்தேன். படித்த படிப்புக்குக் கிடைத்த வேலை இது ஒன்றுதான். சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறி விருதுநகர் வந்து, கலெக்டர் ஆபீஸ் இருக்கிற சூலக்கரையில் நின்றால் கம்பெனி வேன் ஏற்றிக்கொள்ளும். கலெக்டர் ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு என்னிடம் மனு எழுதித் தரச்சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. எங்கள் தெருவில் மளிகைக் கடைக்காரரிடம் மட்டும் செல்போன் இருந்த காலம்.

வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அப்பா நான் பத்தாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒரு ரூமுக்கு நாலு பேர். வெடிக்குள் கலவை அடைக்கிற வேலை. நாளெல்லாம் குனிந்தே உட்கார்ந்திருப்பதால் இடுப்பு வலி அவளோடேயே பிறந்தது மாதிரி ஆகிவிட்டது. பெட்டிக்கடையில் பெயர் சொல்லாமல் இரண்டு விரலைக் காட்டினால் கிடைக்கிற வலி மாத்திரையைச் சேலை முந்தியில் முடிந்து வைத்திருப்பாள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. காப்பி குடிக்கிற மாதிரி.

எங்கள் கம்பெனியில் பெரிய கூடத்தில் வரிசையாகக் கூண்டுகள். வடநாட்டுக் குரங்குகள். முகம் சிவந்து, வால் குட்டையாக இருக்கும். ஒவ்வொன்றின் மார்பிலும் எண் பச்சை குத்தியிருக்கும். பெயர் வைக்கக் கூடாது என்பது முதல் நாள் சொல்லித்தந்த விதி. வைத்தால் கடைசியில் கஷ்டம் நமக்குத்தான் என்றார் டாக்டர். அவர் கால்நடை மருத்துவர், சேலத்துப் பக்கத்துக்காரர், எதையும் இரண்டு முறை சொல்லும் பழக்கம் உள்ளவர்.

அவர் இரண்டு முறைக்கு மேலும் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. இந்த ஜாதிக் குரங்கின் எச்சிலில் ஒரு வைரஸ் இருக்கலாம். குரங்குக்கு அது வாய்ப்புண் மாதிரி வந்து போய்விடும். மனிதருக்குள் போனால் நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறும். கடித்தாலும் கீறினாலும் அந்த நிமிஷமே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவிய கையோடு அவரிடம் சொல்ல வேண்டும். உடனே சொன்னால் மருந்து இருக்கிறது. முதலில் காயத்தில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், பிறகு காய்ச்சல், தலைவலி, கை கால் விளங்காமல் போவது. இரண்டு நாளிலும் வரலாம், ஒரு மாதம் கழித்தும் வரலாம். இதையெல்லாம் சிவப்பு எழுத்தில் அச்சடித்துக் கை கழுவும் இடத்தில் ஒட்டியிருந்தார்கள். நான் தினமும் அதைப் படித்தேன். படித்தும் என்ன பிரயோஜனம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்த முறை சோதனைக்கு வந்தது மூட்டு வலிக்கான மருந்து. எங்களுக்கு மருந்தின் பெயரைச் சொல்லமாட்டார்கள், ஒரு நம்பர்தான் தெரியும். மூட்டு வலிக்கு என்று டாக்டர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். இருபத்தெட்டு நாள் தினமும் கொடுக்க வேண்டும். இருபத்தொன்பதாம் நாள் எல்லாவற்றையும் ஊசி போட்டுக் கொன்று, ஈரல், குடல், மூளை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்கள். மருந்து உள்ளே என்ன செய்திருக்கிறது என்று தெரிய வேறு வழியில்லை என்றார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வேலையை விடவும் இல்லை. அம்மாவிடம் அந்த மருந்தைப் பற்றிச் சொன்னபோது, "நம்ம கடைக்கு எப்ப வரும்?" என்று கேட்டாள்.

என் வேலை இரண்டு. மருந்து கொடுப்பது ஒன்று. காலையும் மாலையும் ஒவ்வொரு குரங்கையும் பார்த்துப் படிவத்தில் எழுதுவது இன்னொன்று. தின்றதா, பேண்டதா, சோர்ந்திருக்கிறதா, நடுங்குகிறதா. ஒன்றும் இல்லை என்றால் 'நார்மல்' என்று எழுத வேண்டும். இருந்தால் என்னவென்று எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் எழுதுவதை வைத்துத்தான் அந்த மருந்து மனிதருக்குப் போகலாமா கூடாதா என்று எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்வார்கள்.

குரங்கைப் பிடிக்க என்னோடு ஓர் அண்ணன் இருந்தார். ஆலங்குளத்துச் சிமெண்டு ஆலையில் காண்ட்ராக்டில் இருந்து, வேலை நின்றதும் இங்கே வந்தவர். அவர் மனைவி தீப்பெட்டி ஒட்டப் போகிறவர். மூன்று பிள்ளைகள். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் நடந்ததை வைத்து அவரை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பதினொன்றாம் எண் ஒரு பெண் குரங்கு. வேர்க்கடலை கொடுத்தால் இடது கையால்தான் வாங்கும். மருந்து தொடங்கிய எட்டாம் நாள் வாங்கிய கடலை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அது கீழே பார்த்தது, என்னைப் பார்த்தது. நான் இன்னொன்று கொடுத்தேன், அதைப் பிடித்துக்கொண்டது. இதில் எழுத ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன்.

மறுநாள், ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. அண்ணன் அதன் இரண்டு கைகளையும் பின்னால் சேர்த்துப் பிடித்து வெளியே எடுத்தார். நான் மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்க வேண்டும். அப்போது இடது கை நடுங்கத் தொடங்கியது. திமிறல் இல்லை அது. திமிறினால் தோள் திரும்பும், வாய் திறக்கும். இது கை மட்டும், விரல் மட்டும், தனியாக ஆடியது. அதில் அண்ணனின் பிடி வழுக்கி, அந்தக் கை என் மணிக்கட்டில், கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே இருந்த ஒரு விரல் அகலத்தில் விழுந்து கீறியது. நூல் மாதிரி ரத்தம். குரங்குக்குமே அது எதிர்பாராதது என்று நினைக்கிறேன். அதன் நகத்தில் கடலைத் தொலி ஒட்டியிருந்தது. எச்சில் கை.

அண்ணன் அதைக் கூண்டுக்குள் விட்டுக் கதவைப் பூட்டினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சொன்னது இதுதான்.

"யாரும் பாக்கலை தங்கச்சி. முழுக்கைய இறக்கி விட்டுக்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் சொல்வதற்கு முன்பே நான் இறக்கிவிட்டிருந்தேன்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். எங்கள் பக்கத்தில் சின்னக் காயத்தை வெளியே சொல்வது கிடையாது. பட்டாசு ரூமில் லேசாகப் புகைந்து, புஸ்ஸென்று பிடித்து அணைந்தால், நாலு பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு தரையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சொன்னால் அதிகாரிகள் வருவார்கள், ரூமுக்குச் சீல் வைப்பார்கள். சீசனில் நாலு வீட்டு அடுப்பு அணையும். சொன்னவளை அதற்குப் பிறகு எந்த ரூமிலும் சேர்க்கமாட்டார்கள். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அம்மா முழங்கையில் ஒரு பெரிய கொப்புளத்தோடு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, கையில் ஃபைலோடு இரண்டு பேர் தெருவுக்கு வந்தார்கள். அம்மாவின் பட்டாசுக் கம்பெனியில் முந்தின நாள் மத்தியானம் விபத்து, இரண்டு பேர் இறந்திருந்தார்கள். வாசலில் நின்ற என்னிடம், உங்க அம்மாவுக்குக் கையில் என்னம்மா என்று கேட்டார்கள். அடுப்பு சார் என்றேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் கேட்டு வளர்ந்த பதில் அது. அவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

அதனால் அன்றைக்கும் மூளை யோசிக்கவே இல்லை. அண்ணன் கதவருகே நின்றுகொண்டார், நான் கழுவினேன். சிவப்பு எழுத்து என் மூக்குக்கு நேரே இருந்தது. கால் மணி நேரம் என்று எழுதியிருந்தது. மூன்று நிமிஷம் கழுவியிருப்பேன், வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது, குழாயை மூடிவிட்டேன்.

அப்புறம் படிவம். பதினொன்றாம் எண்ணுக்கு நேரே 'இடது கையில் நடுக்கம்' என்று எழுத வேண்டும். எழுதினால் டாக்டர் வருவார். எப்போது நடுங்கியது, பிடித்தது யார், அப்போது என்ன நடந்தது என்று இரண்டு முறை கேட்பார். கேட்டால் என் மணிக்கட்டுக்கு வந்துதான் நிற்கும். நான் 'நார்மல்' என்று எழுதினேன். ஒரே ஒரு சொல். எழுதும்போது என் கை நடுங்கவில்லை.

பயம் சாயங்காலம் பஸ்ஸில் வந்தது. திடீரென்று மணிக்கட்டில் யாரோ ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இது வியர்வை, இது வியர்வை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஊர் வந்ததும் இறங்க மறந்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று வேனில் ஏறினேன். வேனில் இருந்து இறங்கும்போது, நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று தோன்றியது. அதற்கு மறுநாள் அது இரண்டு நாள் பொய் ஆனது. இப்படி ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. இதற்கிடையில் பதினொன்றாம் எண்ணின் கை தினமும் நடுங்கியது. காலையில் குறைவு, மருந்து கொடுத்த பிறகு அதிகம். டாக்டர் கூடத்துக்குள் வரும்போது மட்டும் அது கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்காரும். அதிகம் பழகாத ஆளைக் கண்டால் எல்லாக் குரங்கும் அப்படித்தான், நோவைக் காட்டாது. அவர் பார்த்துவிட்டுப் போவார். நான் நார்மல் என்று எழுதுவேன். செவ்வாயிலிருந்து சனி வரை ஐந்து கட்டங்கள்.

அந்த ஐந்து நாளும் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. குரங்கு நடுங்குவது வைரஸால் என்றால் நான் செத்தேன். மருந்தால் என்றால் நான் பிழைத்தேன். அதனால், மருந்துதான் கெட்டதாக இருக்க வேண்டும், மாரியாத்தா, மருந்துதான் கெட்டதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்ட கையோடு அது நல்ல மருந்துதான் என்று படிவத்திலும் எழுதினேன்.

வீட்டில் என் தட்டைத் தனியாக வைத்தேன், தம்ளரைத் தனியாக வைத்தேன். அம்மா என் துண்டை எடுத்து முகம் துடைக்கப் போனபோது பிடுங்கினேன். குரங்குக்கு எழுதுகிற அதே படிவத்தை மனசுக்குள் எனக்கும் எழுதினேன். தின்றேனா, தூங்கினேனா, நடுங்குகிறேனா. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டிப் பார்ப்பேன். அம்மாவுக்கு இதெல்லாம் வேறு மாதிரி தெரிந்திருக்கிறது.

"யாரு பிள்ள அவன்? வேன் டிரைவரா?" என்று கேட்டாள்.

"ஆமா, டிரைவர்தான். அவருக்குப் பேரன் பேத்தி எடுத்தாச்சு."

"பெறகு என்னத்துக்குக் கண்ணாடியவே பாத்துக்கிட்டு நிக்க?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்ச்சல் வந்தது. சும்மா காய்ச்சல் இல்லை. எழுந்து உட்காரவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. தலை இரண்டாகப் பிளந்தது. அம்மா காப்பியை நீட்டினாள். நான் இடது கையை நீட்டினேன், விரல்கள் மடங்கவில்லை. தம்ளர் என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உருண்டது. நான் கீழே பார்த்தேன், பிறகு அம்மாவைப் பார்த்தேன். எட்டாம் நாள் பதினொன்றாம் எண் என்னைப் பார்த்தது அப்படியேதான். என் வாழ்க்கையில் அந்த ஒரு கணம் பயந்தது போல அதற்கு முன்னும் பின்னும் நான் பயந்ததில்லை.

அம்மா நெற்றியைத் தொட வந்தாள். "தொடாத" என்று கத்தினேன். அவள் அப்படியே நின்றாள். நான் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, கீறியதிலிருந்து அன்று காலை வரை எல்லாவற்றையும் சொன்னேன். செத்துப்போவேன் என்பதையும் சொன்னேன்.

அவள் கேட்ட முதல் கேள்வி, "யாருகிட்டயும் சொல்லலைல்ல?"

"சொல்லலை."

"அதான் சரி" என்றாள். என்ன பேசுகிறோம் என்று தெரியாமல்தான் பேசினாள் என்பது முகத்தில் தெரிந்தது. உட்கார்ந்தாள். என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில் செய்கிற மாதிரி, முந்தியை அவிழ்த்து மாத்திரையை எடுத்து வாயில் போடப் போனாள். அலுமினியப் பொடி ஏறி வெள்ளி நிறமாகிப்போன விரல்கள். அவள் போட்டுக்கொள்ளப்போவது வேறு ஏதோ மாத்திரை, எங்கள் கம்பெனி மருந்து இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் தவழ்ந்து போய் அதைத் தட்டிவிட்டேன்.

"ஏத்தா?"

"நாளைக்கு எங்க கம்பெனி மாத்திரையும் கடைக்கு வரும்மா. நீதான் வாங்கித் திம்ப. குரங்குக்குக் கை வெலவெலன்னு ஆடுது, நான் நல்லாருக்குன்னு எழுதி வச்சிருக்கேன்."

அம்மா தன் முழங்கையில் இருந்த பழைய தழும்பைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"நீ ஏழாப்பு படிக்கையில இது பட்டுச்சு. காலையில கலவையைக் கிண்டயிலேயே புஸ்ஸுன்னு பிடிச்சுச்சு. அந்தக் கலவையில கோளாறு. எங்க நாலு பேத்துக்கும் தெரியும். சொன்னா ரூமை மூடிருவாக. வாயத் தெறக்கக் கூடாதுன்னு சாமி மேல சத்தியம் பண்ணிக்கிட்டோம். உடம்புக்கு முடியலைன்னு சொல்லிட்டு நாலு பேரும் பாதியிலயே கெளம்பி வந்துட்டோம். மத்தியானம் அதே ரூம்ல, அதே கலவைக்கு வேற ஆள உக்கார வச்சிருக்காக."

அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. கையில் ஃபைலோடு வந்த அந்த இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். அடுப்பு சார் என்று நான் சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தது.

"ஏம்மா இத எங்கிட்டச் சொல்ற?"

"தெரியலத்தா" என்றாள். பிறகு, "நீ சொல்லிராத. வேலை போயிரும். நான் உன்னய மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன், அங்கன பெரிய டாக்டரப் பாப்போம்" என்றாள். சொல்லும்போதே அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவையும் சொல்லிவிட்டுச் சொல்லாதே என்கிறாளே என்று வந்தது. அவளைவிட என் மேல்தான் அதிகம் வந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காய்ச்சலோடேயே கிளம்பினேன். அம்மாவும் கூட வந்தாள். பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்துகொள்ளாமல் வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கேட்டில் வாட்ச்மேன் அவளை உள்ளே விடவில்லை. கருவேல மரத்து நிழலில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் அறையில் நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். கீறல் என்றதும் அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அவரும் பயந்துவிட்டார்.

"எத்தனை நாள் ஆச்சு? எத்தனை நாள் ஆச்சும்மா?"

"இன்னைக்கு ஏழாவது நாள் சார்."

மாத்திரை எடுக்க ஆள் அனுப்பினார், மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார், வண்டி எடுக்கச் சொன்னார். இத்தனைக்கும் நடுவே அவர் என்னைத் திட்டவில்லை. கை நடுக்கத்தைப் பற்றி நான் சொன்ன பிறகுதான் முகம் மாறியது. படிவத்தைக் கொண்டுவரச் சொன்னார். ஐந்து கட்டங்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"கீறலை மறைச்சது உன் உயிரு. இது யார் உயிரு? இது யார் உயிரும்மா?"

அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாது சார், நான் பாக்கலை" என்றார். நான் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். வண்டியில் ஏறும்போது அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்த மாதத்தோடு வேலையை விட்டு நின்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இதே காய்ச்சலோடு, இதே மடங்காத விரல்களோடு ஆட்கள் படுத்திருந்தார்கள். ஒருத்தி குரங்கைக் கோவில் மதிலில்தான் பார்த்திருப்பாள். சிக்குன்குனியா என்று அந்த வார்டில்தான் முதல்முதலாகக் கேட்டேன். கொசுவால் வருகிறதாம். எங்கள் தெருவில் முதல் ஆள் நான். பத்து நாளில் தெருவே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது, அம்மா உட்பட. பதினொன்றாம் எண்ணின் ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிப் பார்த்ததில் வைரஸ் இல்லை என்று வந்துவிட்டது. ஆனாலும் டாக்டர் என் மாத்திரையை நிறுத்தவில்லை.

இருபத்தேழாம் நாள் திரும்பப் போனேன். வேலையை விட்டு எடுக்கப்போகிறார்கள் என்றுதான் போனேன். டாக்டர் படிவத்தை என் முன்னால் வைத்தார். அழிக்கக் கூடாது, மேலே எழுதக் கூடாது. பழைய சொல் தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் உண்மையை எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து இடத்திலும் செய்தேன். மத்தியானம் அதிகாரிகள் இரண்டு பேர் வந்து, அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். அதிக மருந்து கொடுத்த குரங்குகளில் இன்னும் இரண்டுக்குக் கை பலம் குறைந்திருப்பதை டாக்டரே கண்டுபிடித்திருந்தார். ஆள் இருப்பது குரங்குக்குத் தெரியாதபடி கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாராம். அந்த மருந்து பிறகு என்ன ஆனது என்று எங்களுக்குச் சொல்லவில்லை. நானும் இத்தனை வருஷமாக ஒவ்வொரு வலி மாத்திரை அட்டையையும் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நம்பரைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியாது என்பது ஞாபகம் வந்ததும் வைத்துவிடுவேன்.

பதினொன்றாம் எண்ணுக்குக் கடலை நீட்டினேன். இடது கை மடியில் கிடந்தது. வலது கையால் வாங்கிக்கொண்டது.

இருபத்தொன்பதாம் நாள், திங்கட்கிழமை, ஒவ்வொன்றாக அந்த அறைக்குக் கொண்டுபோனோம். பதினொன்றாம் எண்ணை நான் பிடித்துக்கொண்டேன். பிடிப்பது என் வேலை இல்லை, கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது, அதற்கும் பயமாக இருந்தது. அது உண்மையைத்தான் எட்டாம் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் எழுதவில்லை. ஊசி போட்ட பிறகு அதன் இடது கை நடுங்குவது நிற்கும்வரை பிடித்திருந்தேன்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா மூட்டு வீங்கிப் பாயில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாரமாக வேலைக்குப் போகவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, ரத்தம் சுத்தம், எனக்கு ஒன்றுமில்லை, வேலையும் போகவில்லை என்று சொன்னேன்.

"ரூமுக்குச் சீல் வச்சாகளா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"ஆபீசருக யாரும் வரலையா?"

"வந்தாக. பாத்து எழுதிட்டுப் போயிட்டாக."

"மூடலையா?"

"மூடலை."

அம்மா தன் முழங்கையைப் பார்த்தாள். வீங்கிய விரல்களால் அந்தத் தழும்பை மூட முயன்றாள், விரல் மடங்கவில்லை.

"அப்பன்னா அன்னைக்கு நாங்க சொல்லியிருந்தாலும் மூடியிருக்க மாட்டாகளோ?" என்றாள்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்று வாரமாக அவளைத் தொடாமல் இருந்தவள், அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அங்கன மூடியிருப்பாகம்மா. கண்டிப்பா மூடியிருப்பாக" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நான் சொன்னது உண்மையா என்பதும் எனக்குத் தெரியாது.